முலாவர்மன் கிராமமும் மூடப்படாத குழிகளும்

(நமது டிரஸ்டின் மாதாந்திரக் கூட்டத்தில் இஷா தொழுகைக்குப் பின் செயலாளர் ஆற்றிய உரை)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் துவங்குகிறேன்.

 

வழக்கமாக இந்த நேரத்தில் கல்வி உதவி, மருத்துவ உதவிக் கணக்குகளைத்தான் பேசுவோம். அதைப் பொருளாளர் எனக்குப் பிறகு சொல்வார். நான் இன்று ஒரு வெளிநாட்டுக் கிராமத்தைப் பற்றிப் பேச அனுமதி கேட்கிறேன். இந்தோனேசியாவில் ஒரு கிராமம். நிலக்கரிச் சுரங்கங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட கிராமம்.

"அதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று முன்வரிசையில் ஒரு பெரியவர் பார்வையாலேயே கேட்கிறார். இரண்டு சம்பந்தங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, நம் தலைக்கு மேலே சுற்றும் மின்விசிறி. தூத்துக்குடி துறைமுகத்தில் இறங்கும் வெளிநாட்டு நிலக்கரியில் பெரும்பங்கு இந்தோனேசியாவிலிருந்து வருகிறது. நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் அதிகம், அவர்களுடையதில் குறைவு. அதனால் அதை வாங்கிக் கலந்து எரிக்கிறார்கள். இந்தோனேசியா 2023-இல் மட்டும் 77 கோடி டன்னுக்கு மேல் நிலக்கரி வெட்டியெடுத்தது. அதை அதிகமாக வாங்கும் நாடுகள் சீனாவும் இந்தியாவும். கப்பலுக்கு அவர்கள் மொழியிலும் 'கபால்' என்றுதான் சொல்கிறார்கள். நம் முன்னோர்கள் அங்கே விட்டு வந்த சொல். அன்று துணியும் கிதாபும் ஏற்றிப் போன கடல்வழியில் இன்று நிலக்கரி வருகிறது.

இரண்டாவது சம்பந்தம் கிதாபு. நம்மைப் போலவே அவர்களும் ஷாஃபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர்கள். நம் மதரஸாக்களில் ஓதிக்கொடுக்கும் 'ஃபத்ஹுல் முஈன்' கிதாபை எழுதியவர் மலபாரின் பொன்னானியைச் சேர்ந்த ஜைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்கள். அதே கிதாபைத்தான் இந்தோனேசியாவின் பெசந்திரன்களிலும் ஓதுகிறார்கள். பெசந்திரன் என்றால் அங்குள்ள தங்கிப் படிக்கும் மதரஸா. ஆக, அங்கே ஒரு பிரச்சினை வந்தால் அதற்கு அவர்கள் எந்தப் பக்கத்தைப் புரட்டுவார்களோ, அதே பக்கத்தைத்தான் நாமும் புரட்டுவோம்.

இனி அந்தக் கிராமத்துக்குப் போவோம். நாம் போர்னியோ என்று பூகோளப் பாடத்தில் படித்த பெரிய தீவில் இந்தோனேசியாவுக்குச் சொந்தமான பகுதியைக் கலிமந்தான் என்கிறார்கள். அதில் கிழக்குக் கலிமந்தான் மாகாணம். தலைநகர் சமாரிந்தா. ஊரை ஒட்டி மஹாகம் என்ற பெரிய ஆறு ஓடுகிறது. அதில் இரவும் பகலும் நிலக்கரி ஏற்றிய தெப்பங்களை இழுவைப் படகுகள் இழுத்துப் போகின்றன. கூத்தாய் கர்த்தநெகாரா மாவட்டத்தில் ஆற்றுக்கு அக்கரையில் தெங்காரோங் செபராங் என்ற வட்டாரம். 'செபராங்' என்றாலே அக்கரை என்று பொருள். அங்கே இருக்கிறது முலாவர்மன் கிராமம்.

பெயரைக் கேட்டால் நம்மூர்ப் பெயர் போலத் தோன்றும். முலாவர்மன் என்பவர் ஏறத்தாழ 1,600 ஆண்டுகளுக்கு முன் அந்தப் பகுதியை ஆண்ட அரசர். அவர் காலத்துக் கல்தூண்கள் முவாரா காமான் என்ற இடத்தில் கிடைத்தன. அவற்றில் சமஸ்கிருத மொழி, பல்லவர் வழி எழுத்து. இந்தோனேசியாவில் கிடைத்த எழுத்துகளிலேயே மிகப் பழையவை அவைதான் என்கிறார்கள். இது ஒரு கிளைக்கதை, விட்டுவிடுவோம்.

கிராமம் அந்த அரசர் காலத்தது அல்ல. 1980-களின் தொடக்கத்தில் உருவானது. ஜாவா தீவில் ஜனநெருக்கடி. நிலமில்லாத குடும்பங்களை ஆள் குறைந்த தீவுகளுக்குக் கொண்டுபோய்க் குடியமர்த்தும் வேலையை டச்சுக்காரர்கள் 1905-லேயே தொடங்கினார்கள். சுதந்திரத்துக்குப் பின் அரசாங்கமும் அதைத் தொடர்ந்தது. சுஹார்த்தோ காலத்தில் மிகப் பெரிய அளவில் நடந்தது. குடும்பத்துக்கு ஒரு சின்ன மரவீடு, பொதுவாக 2 ஹெக்டேர் நிலம், ஆரம்ப காலத்துக்கு உணவுப்படி. காடாகக் கிடந்த இடத்தை அவர்கள் கையால் வெட்டித் திருத்தினார்கள். வரப்புப் போட்டார்கள், வாய்க்கால் வெட்டினார்கள், பள்ளிவாசல் கட்டினார்கள். இருபது ஆண்டுகளில் தெங்காரோங் செபராங் அந்த மாவட்டத்தின் நெற்களஞ்சியம் என்று பெயர் வாங்கியது.

வயலுக்குக் கீழே நிலக்கரி இருந்தது. அதுதான் சோதனை.

1998-இல் சுஹார்த்தோ பதவி விலகினார். அடுத்த சில ஆண்டுகளில் அதிகாரங்கள் மாவட்டங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. நல்ல காரியம்தான். ஆனால் சுரங்க அனுமதி கொடுக்கும் அதிகாரமும் மாவட்டத் தலைவர்களின் கைக்குப் போனது. அனுமதிப் பத்திரங்கள் கல்யாணப் பத்திரிகை போல வழங்கப்பட்டன. கூத்தாய் கர்த்தநெகாரா மாவட்டத்தில் மாவட்டத் தலைவராக இருந்த தந்தை ஊழல் வழக்கில் சிறை சென்றார். பின்னர் அதே பதவிக்கு வந்த அவருடைய மகளும் ஊழல் வழக்கில் 2018-இல் பத்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். நாட்டிலேயே வருமானம் கொழிக்கும் மாவட்டங்களில் ஒன்று அது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

சுரங்கம் வந்தால் வயல் எப்படிப் போகிறது? துப்பாக்கி முனையில் பிடுங்கினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். முதலில் ஒருவர் விற்பார். மகளுக்குக் கல்யாணம் இருக்கும், கடன் இருக்கும். அவர் மீது குறை சொல்ல நமக்கு என்ன இருக்கிறது? அடுத்து அவருடைய வயலைத் தோண்டுவார்கள். வாய்க்கால் அறுந்துபோகும். மேட்டில் குவித்த மண் மழையில் கரைந்து பக்கத்து வயலுக்கு இறங்கும். நாற்று சேற்றுக்குள் புதையும். இரண்டு போகம் இப்படிப் போனால், விற்கவே மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தவரும் கம்பெனி வாசலில் போய் நிற்பார். அப்போது விலை அவர் சொல்வதாக இருக்காது. பத்திரத்தில் எல்லாம் முறையாக இருக்கும், கையெழுத்தும் அவருடையதுதான். 'மனப்பூர்வமான சம்மதம் இல்லாமல் ஒரு முஸ்லிமின் பொருள் இன்னொருவருக்கு ஹலால் ஆகாது' என்ற கருத்தில் ஓதியிருக்கிறோம். இங்கே மனப்பூர்வம் எந்த இடத்தில் இருக்கிறது என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

விற்காமல் மிச்சமிருக்கும் வீடுகளின் நிலை என்ன? பாறை தகர்க்க வெடி வைக்கும்போது சுவர் விரிசல் விடுகிறது. சுரங்கச் சாலையில் லாரி போகப் போக வெயில் காலத்தில் தூசி, மழைக்காலத்தில் சேறு. கிணற்று நீர் கெட்டுப்போகிறது, அல்லது வற்றுகிறது. குடிக்கும் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்க வேண்டிய நிலை. நெல் விளைவித்தவர்கள் அரிசியையும் கடையில் வாங்குகிறார்கள்.

வேலை கிடைக்காதா என்று கேட்பீர்கள். கிடைக்கும். இளைஞர்கள் சிலருக்கு லாரி ஓட்டும் வேலை, காவலாளி வேலை. கிராமத்தில் கடை வைத்தவருக்கும், வாடகைக்கு அறை விட்டவருக்கும் சில ஆண்டுகள் நல்ல காலம். இதை மறைத்துப் பேசினால் அது நியாயமான பேச்சாகாது. ஆனால் பெரிய சம்பள வேலைகள் படித்து வெளியிலிருந்து வருபவர்களுக்குப் போகின்றன. சீனாவில் விலை இறங்கினால் இங்கே ஆட்குறைப்பு. நிலக்கரி தீர்ந்தால் கம்பெனி அடுத்த இடத்துக்குப் போய்விடும். அப்போது லாரி ஓட்டிய பையன் வயலுக்குத் திரும்ப நினைத்தால் வயல் இருந்த இடத்தில் குளம் இருக்கிறது.

அந்தக் குளத்தைப் பற்றிப் பேசத்தான் நான் இவ்வளவு தூரம் வந்தேன்.

திறந்தவெளிச் சுரங்கம் என்பது மேலே உள்ள மண்ணையும் பாறையையும் அகற்றிவிட்டு நிலக்கரியை அள்ளுவது. அள்ளி முடித்ததும் பெரும் பள்ளம் மிஞ்சும். அந்நாட்டு விதிப்படி, வேலை முடிந்த இடத்தை 30 நாட்களுக்குள் சீரமைக்கத் தொடங்க வேண்டும். அதற்கென்று கம்பெனி முன்பணமும் கட்ட வேண்டும். குழியின் விளிம்புக்கும் குடியிருப்புக்கும் குறைந்தது 500 மீட்டர் இடைவெளி வேண்டும் என்று சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2012-ஆம் ஆண்டு விதி சொல்கிறது. காகிதத்தில் எல்லாம் அழகாக இருக்கிறது. ஆனால் சுரங்கப் பாதிப்புகளைக் கண்காணிக்கும் ஜாதம் என்ற அமைப்பு கிழக்குக் கலிமந்தானில் மட்டும் 1,735 குழிகள் திறந்தபடி கிடப்பதாகக் கணக்குக் கொடுத்தது.

மழை பெய்தால் குழி நிரம்பும். பாறையிலுள்ள கந்தகச் சத்து காற்றும் நீரும் பட்டு அமிலமாக மாறும். பாசி பிடிக்காது, தண்ணீர் நீலமும் பச்சையுமாகப் பளபளவென்று தெரியும். வெயில் கொளுத்தும் மதியம், பள்ளிக்கூடம் விட்டு வரும் பையனுக்கு அது எப்படித் தெரியும்? நீச்சல் குளமாகத் தெரியும். கரை செங்குத்து, மண் வழுக்கும், இரண்டடி வைத்தால் ஆழம் தெரியாது. வேலி இல்லை, காவலுக்கு ஆள் இல்லை. பல இடங்களில் எச்சரிக்கைப் பலகைகூட இல்லை.

2011 ஜூலையில் சமாரிந்தாவின் சம்புத்தான் பகுதியில் ஒரே நாளில் மூன்று குழந்தைகள் இப்படி மூழ்கி இறந்தார்கள். அதிலிருந்து அந்த மாகாணத்தில் இந்தக் குழிகளில் உயிரிழந்தவர்கள் 40 பேருக்கும் அதிகம். பெரும்பாலும் குழந்தைகள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். மகனைப் பறிகொடுத்த ஒரு தாய், குழிகளை மூடச் சொல்லிக் கையெழுத்துச் சேகரித்து மந்திரியிடமே கொண்டுபோய்க் கொடுத்தார். நாட்டின் மனித உரிமை ஆணையம் விசாரித்து, 2016-இல் இது மனித உரிமை மீறல்தான் என்று சொன்னது. ஆனாலும் பெரும்பாலான வழக்குகள் நீதிமன்றப் படியை எட்டவே இல்லை. குடும்பத்துக்குக் கொஞ்சம் 'ஆறுதல் பணம்', ஒரு சமரசப் பத்திரம், அத்துடன் முடிந்தது.

"எல்லாம் தக்தீர்" என்று சொல்பவர்கள் அங்கும் உண்டு. தக்தீரை நம்புவது ஈமானின் கடமை. அதில் யாருக்கும் இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் தக்தீரைக் காட்டிக் குழி தோண்டியவரைத் தப்பவிட நம் கிதாபுகள் இடம் கொடுக்கின்றனவா? இதை ஆலிம்கள் முன்னிலையில் கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொல்கிறேன். ஃபத்வாவாக அல்ல, ஓதியதை ஞாபகப்படுத்துவதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கிணற்றில் விழுந்து இறந்தவருக்கும் சுரங்கத்தில் இறந்தவருக்கும் ஈடு இல்லை என்ற கருத்தில் ஹதீஸ் வந்திருப்பது உண்மை. இதை மட்டும் பிடித்துக்கொண்டால் கம்பெனிக்காரருக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் நம் இமாம்கள் அந்த ஹதீஸை எங்கே பொருத்தினார்கள்? முறையாக, தன் இடத்தில், யாருக்கும் இடையூறு இல்லாமல் தோண்டிய கிணற்றுக்கு. பிறர் நிலத்தில் அனுமதியில்லாமல் தோண்டினாலும், மக்கள் நடக்கும் பாதையில் அவர்களுக்கு இடையூறாகத் தோண்டினாலும், விழுந்து இறந்தவருக்காகத் தோண்டியவர் தரப்பு தியத் கொடுத்தாக வேண்டும். இமாம் நவவி (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' இன்னும் நுணுக்கமாகப் போகிறது. ஒருவர் தன் சொந்த வீட்டின் நடையிலேயே கிணறு தோண்டியிருக்கிறார், தெரியாத ஒருவரை உள்ளே அழைக்கிறார், அவர் விழுந்துவிடுகிறார். வலுவான சொல்லின்படி அதற்கும் வீட்டுக்காரர் பொறுப்பு. வீடு அவருடையது, கிணறு அவருடையது, விழுந்தவர் தன் காலால் நடந்து வந்தவர். அப்படியிருந்தும் அவர் பொறுப்பு.

"எங்களுக்கு அரசாங்கம் அனுமதி கொடுத்தது" என்பார்கள். ஆட்சியாளரின் அனுமதிக்கு ஃபிக்ஹில் மதிப்பு உண்டு. ஆனால் அனுமதியோடு நிபந்தனையும் வந்ததே. 500 மீட்டர் தள்ளித் தோண்டு, வேலை முடிந்தால் சீராக்கு என்று சொன்ன அனுமதியில், பாதியை எடுத்துக்கொண்டு மறுபாதியைக் கிழித்துப் போட்டால் மிஞ்சுவது அனுமதியா, அத்துமீறலா? நல்லது கெட்டது தெரியாத வயதுப் பிள்ளை வேறு. எனக்கு இதில் சந்தேகம் தோன்றவில்லை.

அந்த நாட்டு உலமாக்கள் வாய்மூடி இருந்தார்கள் என்றும் நினைக்க வேண்டாம். கலிமந்தானின் தெற்குப் பகுதியில் வாழ்ந்த ஷைகு முஹம்மது அர்ஷத் அல்பன்ஜாரி (ரஹ்) அவர்கள் மக்காவில் பல்லாண்டுகள் ஓதித் திரும்பியவர், பெரும் ஃபிக்ஹு கிதாபு எழுதியவர். அவரே முன்னின்று மக்களின் விவசாயத்துக்காகக் கால்வாய் வெட்டினார். 'சுங்கை துவான்' என்று, அதாவது ஹஜ்ரத்தின் ஆறு என்று, இன்றும் அதற்குப் பெயர். அதுவும் தோண்டியதுதான்! நம் காலத்துக்கு வந்தால், நஹ்தலத்துல் உலமா என்ற பெரிய அமைப்பு 1994-இல் சிப்பாசுங்கில் கூடி, தீங்கு விளைவிக்கும் வகையில் காற்றையும் நீரையும் நிலத்தையும் கெடுப்பது ஹராம், குற்றம் என்று முடிவு சொன்னது. 2011-இல் அந்நாட்டு உலமா கவுன்சில், சேதம் விளைவிக்காத சுரங்கம் கூடும், சேதம் விளைவிப்பது ஹராம் என்று ஃபத்வா வெளியிட்டது.

ஆனால் 2024 மே மாதம் அரசாங்கம் ஒரு புதிய விதி கொண்டுவந்தது. மத அமைப்புகளும் சுரங்க உரிமம் பெறலாம் என்றது. கத்தோலிக்க ஆயர்கள் வேண்டாம் என்றார்கள். புரொட்டஸ்டன்ட் சபைகளின் கூட்டமைப்பும் வேண்டாம் என்றது. நஹ்தலத்துல் உலமா ஏற்றுக்கொண்டது. முஹம்மதிய்யா அமைப்பும் ஜூலையில் ஏற்றது. நஹ்தலத்துல் உலமாவுக்குக் கிடைத்தது இதே கிழக்குக் கலிமந்தானில், ஒரு பெரிய கம்பெனி திருப்பி ஒப்படைத்த சுமார் 26,000 ஹெக்டேர். அமைப்புக்குள்ளேயே பல ஆலிம்கள் இதை எதிர்த்துப் பேசினார்கள்.

எளிதாக ஏசிவிட என்னால் முடியவில்லை. இந்தச் சின்ன டிரஸ்டை நடத்துகிற எனக்கே ரமலானில் வரும் பணம் ஷவ்வாலில் தீர்ந்துவிடும் கவலை தெரியும். ஆயிரக்கணக்கான மதரஸாக்களையும் மருத்துவமனைகளையும் பல்கலைக்கழகங்களையும் நடத்துபவர்களுக்கு நிரந்தர வருமானத்தின் ஆசை எப்படி இருக்கும்? மற்றவர்கள் நாசமாக்கியதை நாங்கள் ஒழுங்காகச் செய்து காட்டுவோம் என்றும் அவர்கள் சொல்கிறார்கள். செய்தால் மாஷா அல்லாஹ். என் சங்கடம் வேறு. நாளை ஒரு தகப்பனார் பிள்ளையின் ஜனாஸாவை அடக்கிவிட்டு, "ஹஜ்ரத், குழியை மூடச் சொல்லுங்கள்" என்று வந்து நிற்கும்போது, அந்த ஹஜ்ரத்தின் மதரஸா சம்பளமே ஒரு குழியிலிருந்து வருவதாக இருந்தால், அவர் யார் பக்கம் நின்று பேசுவார்? அந்த எளிய மக்களுக்குக் கம்பெனியும் அரசாங்கமும் போக எஞ்சியிருந்த ஒரே வாசல் அதுதான்.

இடையில் ஒரு மஸ்அலா. சில தம்பிமார்கள் முன்பு கேட்டது. நம் மத்ஹபில் சுரங்க ஜகாத் தங்கத்துக்கும் வெள்ளிக்கும் மட்டும்தான். நிலக்கரிக்கு அந்த ஜகாத் கிடையாது; விற்பவருக்கு வியாபார ஜகாத் உண்டு. ஆனால் ஜகாத் கொடுத்துவிட்டால் பிறர் ஹக்கு தீர்ந்துவிடாது. இரண்டும் வேறு வேறு கணக்கு.

முலாவர்மன் மக்களின் எதிர்காலம் என்ன? எதிர்த்து நிற்பது சுலபமில்லை. 2020-இல் திருத்தப்பட்ட சுரங்கச் சட்டத்தின்படி, அனுமதி பெற்ற சுரங்க வேலையைத் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 10 கோடி ரூபியா வரை அபராதம். அனுமதி கொடுக்கும் அதிகாரம் இப்போது மாவட்டத்திடம் இல்லை, ஜகார்த்தாவிடம் போய்விட்டது. மனுக் கொடுக்கக்கூட கடல் தாண்ட வேண்டும். நாட்டின் புதிய தலைநகர் நுசந்தாரா அதே மாகாணத்தில் எழுந்துகொண்டிருக்கிறது. பசுமை நகரம் என்று அதற்குப் பெயர் சொல்கிறார்கள். அந்தப் பசுமையில் கொஞ்சம் இந்தக் கிராமத்துப் பக்கமும் வருமா என்று தெரியவில்லை.

கிராமத்தார் அரசாங்கத்திடம் வைத்த கோரிக்கைகளில் ஒன்றுதான் என்னை ரொம்பவும் பாதித்தது. எங்களை வேறு இடத்துக்குக் குடியமர்த்துங்கள் என்று கேட்டார்கள். யோசித்துப் பாருங்கள். இவர்கள் ஜாவாவிலிருந்து இதே அரசாங்கத்தால் குடியமர்த்தப்பட்டவர்கள். அன்று வாலிபராக வந்து காடு திருத்தியவர் இன்று பேரன் பேத்தி எடுத்தவர். அவருடைய உழைப்பு வரப்பாகவும் வாய்க்காலாகவும் அந்த மண்ணில் கிடந்தது; பெற்றோரின் கபுர்களும் அந்த மண்ணில்தான். நாற்பதாண்டுக்குப் பிறகு, மறுபடியும் ஒரு காட்டைக் காட்டுங்கள், மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறோம் என்று கேட்கிறார். இழப்பீட்டுப் பணத்தைவிட, தண்ணீர் உள்ள ஒரு துண்டு நிலத்தைத்தான் அவர் மனம் கேட்கிறது. போக மறுப்பவர்களும் இருக்கிறார்கள். சுற்றிலும் குழியாகிவிட்ட பின்னும் மிஞ்சிய வயலில் நாற்று நடுகிறார்கள். மழை பொய்த்தால் வேறு வழியில்லாமல் பழைய சுரங்கக் குழித் தண்ணீரைப் பாய்ச்சும் விவசாயிகளும் அந்த வட்டாரத்தில் உண்டு.

நேரமாகிவிட்டது. ஹஜ்ரத் அவர்கள் துஆ ஓதும்போது அந்தக் குழந்தைகளின் பெற்றோருக்காகவும் ஓதும்படி கேட்டுக்கொள்கிறேன். அடுத்து பொருளாளர் கணக்கு வாசிப்பார்.